முருங்கையா, கங்கோங்கா?

கேள்வி: சத்தில் எது உசத்தி, முருங்கைக்கீரையா கங்கோங்கா? (வாசகி, ஜித்ரா)

பதில்: நூறு கிராம் பச்சைக்கீரையை நிறுத்துப் பார்த்தால் முருங்கையில் புரதம் சுமார் 9 கிராம், கால்சியம் 185 மில்லிகிராம், கங்கோங்கில் 2.6 கிராம், 77 மில்லிகிராம். தராசு சாய்ந்துவிட்டது. ஆனால் நாம் சாப்பிடுவது தராசிலிருந்து அல்லவே! முருங்கையை உருவி முடிப்பதற்குள் பொறுமை போய், பருப்பில் விழுவது ஒரு பிடிதான்; கங்கோங்கோ ஒரு கட்டு வதங்கினாலும் ஒருவருக்கே காணாது. ஆகவே தட்டுக்குத் தட்டு பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். ‘வைட்டமின் சி?’ என்பீர்கள். இரண்டிலும் ஐம்பது மில்லிகிராம் சொச்சம்; அதிலும் ஒரு பங்கு அடுப்புக்கு. கங்கோங்கைக் கெடுப்பது அதோடு சேர்த்து வதக்கும் பெலாச்சான் என்ற இறால் விழுதின் உப்புதான், கீரையல்ல. மாமியார் உருவித் தந்தால் முருங்கை, இல்லாவிட்டால் கங்கோங்.