நாலு கழி மிச்சம்

முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவுத் தணிக்கையில் குப்பை கொட்டியவனுக்கு, ஓர் ஆட்டுக் கொட்டகைக்குச் சவுக்குக் கழி எத்தனை என்று சொல்லத் தெரியாதா? தெரியாது. உத்திரமேரூர் டீக்கடை வரைக்கும் சேதி போய்விட்டதால் நானே சொல்லிவிடுகிறேன்.

கொட்டகை 24 அடி நீளம், 12 அடி அகலம். மூன்றடிக்கு ஒரு கால் நட்டு, குறுக்கே மூங்கில் பிளாச்சு கட்டி, கீற்றுத் தட்டி வைத்தால் சுவர். (முகட்டைத் தாங்கும் நடுக்கால் தனிக்கணக்கு. அந்தக் கதை இப்போது வேண்டாம்.) நீளப் பக்கத்துக்கு 8, அகலப் பக்கத்துக்கு 4, இரண்டிரண்டு பக்கம். ஆக 24 கழி. பழைய டைரியில் எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டேன். தணிக்கைக்காரன் இரட்டைக் கோடு போட்டால் முடிந்த கணக்கு.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தான். மகளோடு டெக்சாஸில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே வீட்டுச் சுவரே மரச்சட்டம்தானாம். 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் நிறுத்தி, மேலே பலகை அடித்துவிடுவார்களாம். பக்கத்து மனையில் வீடு கட்டுவதைத் தினமும் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். வேறு வேலை? 'இரண்டுக்கு நாலு' என்று பெயர் சொல்லி விற்கும் சட்டத்தை டேப் வைத்து அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்குமாம். நம் மரவாடிக்காரர்கள் கேட்டால் மனம் குளிர்வார்கள்.

"மாமா, 24 அடியில எட்டு இடைவெளி. ஆனா கால் ஒன்பது. கடைசியில ஒண்ணு கூட்டணும். இதுகூடத் தெரியாம எப்படி ஆடிட் பண்ணீங்க?"

கையை விரித்துக் காட்டினான். ஐந்து விரல், நாலு இடுக்கு. வாயை மூடிக்கொண்டேன். 9, 9, 5, 5. மொத்தம் 28. இரட்டைக் கோட்டை அடித்துத் திருத்தினேன். பணியில் இருந்தபோது ஒருநாளும் செய்யாத காரியம்.

தோப்புக்காரர் நீளம் கேட்டார். சுவர் உயரம் ஆறடி, கழியும் ஆறடி என்றேன்.

"அப்போ நடாமலே நிக்க வெக்கப் போறீங்களா சார்?"

மண்ணுக்குள் போகிற இரண்டடி! மச்சானைப் பார்த்தேன். டெக்சாஸில் சட்டத்தை மண்ணில் நடுவதில்லையாம். எட்டடியில் 28 வாங்கி வந்தோம்.

மறுநாள் கொட்டகை போடும் பெரியவர் வந்தார். டைரியை நீட்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றடிக்கு ஒரு குச்சி ஒடித்துக்கொண்டார். மடி நிறையக் கூழாங்கல். அளந்து அளந்து, அளவுக்கு ஒரு கல்லாகப் போட்டுக்கொண்டே நாலு பக்கமும் சுற்றினார். போட்ட முதல் கல் காலில் தட்டியதும் நின்றுவிட்டார். எண்ணினேன். 24.

மூலைக்கால் இரண்டு சுவருக்கும் பொது. மச்சான் நாலு மூலையையும் இரண்டிரண்டு தடவை எண்ணியிருக்கிறான். ஒற்றைச் சுவர் என்றால் ஒன்று கூட்டத்தான் வேண்டும். சுற்றி வந்து முட்டும் சுவருக்கு அது செல்லாது. கைவிரலுக்குப் பொருந்தும், கழுத்து மணிக்குப் பொருந்தாது. என் முதல் கணக்கே சரி. மூலையைப் பற்றி யோசித்தா போட்டேன் என்று கேட்காதீர்கள், மச்சானும் கேட்கவில்லை.

கேட்டவள் அவன் அக்கா. "கணக்கு காட்டாதவன் பேரைக் குடத்துல போடக் கூடாதுன்னு கோயில் சுவத்துல வெட்டி வெச்ச ஊருங்க இது!"

உண்மைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, குடவோலையில் ஆள் எடுத்த விதியெல்லாம் அதில் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. ஆனால் அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவன் உறவினருக்கும் இடமில்லை என்று கல்வெட்டு தொடர்கிறது. அந்தப் பட்டியலில் மனைவியின் உடன்பிறந்தானும் உண்டு என்று எடுத்துச் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் கல்வெட்டுப் பேச்சு கிடையாது.

மிஞ்சிய நாலில் ஒன்று துணிக்கொடிக்குப் போனது. ஒன்று முருங்கைக்கு முட்டு. மூன்றாவதைப் புடலைப் பந்தலுக்கு நட்டாயிற்று. நாலாவது திண்ணையோரம் சும்மா கிடக்கிறது. எட்டடி நீளம், நுனியில் கொஞ்சம் கோணல். உத்திரமேரூர்ப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.