அட்லஸ் வாங்காதீர்கள்

மாற்றலாகித் திருவனந்தபுரம் வரும் தமிழர்களுக்கு ஒரு சிறு கையேடு. வாடகை வீடு, கேஸ் இணைப்பு பற்றியெல்லாம் சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டு நிலப்படம் தெரியாதவர் என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால் அந்தத் தெருவில் பிறகு மரியாதை கிடையாது.

முதல் வேலையாக, ‘துபாய்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை விடுங்கள். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் “மகன் துபாயிலயா?” என்று கேட்டால், “இல்ல, அஜ்மான்” என்பார். அந்தப் பார்வையில் நீங்கள் மூன்றாம் வகுப்பில் ஃபெயில். “எந்த எமிரேட்?” என்றுதான் கேட்க வேண்டும். அபுதாபி என்றால் அலட்டிக்கொள்ள வேண்டாம். அமீரகத்தின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதுதான், கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தாலும் அங்கேதான் விழும். புஜைரா என்றால், “ஓ, கிழக்குக் கரை” என்று மெல்லத் தலையாட்டுங்கள். ஏழில் பாரசீக வளைகுடாவைத் தொடாதது அது ஒன்றே. ராஸ் அல் கைமா என்றால், “1971 டிசம்பரில் ஆறு பேர் சேர்ந்தார்கள், இவர்கள் மட்டும் அடுத்த பிப்ரவரியில்தானே வந்தார்கள்” என்று இழுங்கள். சாயாவோடு பழம்பொரியும் வரும்.

ஷார்ஜா என்றால் மட்டும் ஜாக்கிரதை. அது ஒரே துண்டாக இருக்காது. கொர்ஃபக்கானும் கல்பாவும் அந்தப் பக்கக் கடற்கரையில் தனித்தனியே கிடக்கின்றன. போதாக்குறைக்கு, அமீரகத்துக்கு நடுவே மதா என்று ஓமானுக்குச் சொந்தமான நிலம்; அந்த மதாவுக்குள்ளே நஹ்வா என்று ஷார்ஜாவின் கிராமம். இதைத் திக்காமல் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். தலை சுற்றினால் தக்கலைப் பக்கம் போய்வாருங்கள். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்குள்ளே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. நஹ்வாக்காரர் யாராவது வந்து பார்த்தால் சொந்த ஊர் என்றே நினைப்பார்.

சவுதிக்கு இவ்வளவு பாடம் வேண்டாம். தம்மாம், ஜுபைல் என்றால் கிழக்கு மாகாணம். அபா என்றால் “அங்கே நல்ல குளிராமே” என்று கேளுங்கள்; மலை ஊர். பாலைவனம், ஒட்டகம் என்று ஆரம்பித்தீர்களோ, தொலைந்தீர்கள்.

மெடிக்கல் காலேஜை ஒட்டிய குமாரபுரம் பக்கம் வீடு கிடைத்தால் பாடத்திட்டம் மாறும். சிகிச்சைக்கென்று வந்து தங்கும் மாலத்தீவுக்காரர்கள் அங்கே உண்டு. மருந்துக்கடையில் அவர்களிடம் பேச்சுக் கொடுக்கும்போது “மாலேயா?” என்று கேட்பது பாமரத்தனம். “எந்த அட்டோல்?” என்று கேளுங்கள். அட்டு என்றால், “பூமத்திய ரேகையைத் தாண்டியாயிற்றே!” என்று வியக்கலாம். மாலேயும் சென்னையும் இந்த ஊரிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய ஒரே தொலைவு, 600 கிலோமீட்டரை ஒட்டி. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். வாதாடாதீர்கள்.

உலகக் கோப்பை சமயத்தில் அர்ஜென்டினாவும் பாடத்தில் சேரும். ஒரு சுவரில் சே குவேரா, பக்கத்து ஃப்ளெக்ஸில் மெஸ்ஸி என்று நிற்கும் முக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, “ரெண்டு பேரும் ஒரே ஊர், சாண்டா ஃபே மாகாணம், ரொசாரியோ” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். கட்சிக்காரரும் கால்பந்துக்காரரும் சேர்ந்து உங்களைத் தேடுவார்கள். பிரேசில் ரசிகர் யாரும் அருகில் இல்லை என்பதை மட்டும் முன்னதாக உறுதி செய்துகொள்ளவும்.

பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு போட்டிக்குப் போக வேண்டாம். புர்கினா ஃபாசோவின் தலைநகரம் வாகடூகு என்பது அவர்களுக்குத் தூக்கத்திலும் வரும். அது எந்தக் கடலோரம் என்று கேட்டுப் பாருங்களேன் என்று சொல்ல ஆசைதான். கடலே இல்லாத நாடு என்று சொல்லி உங்களையே மடக்கிவிடுவார்கள்.

இவ்வளவும் தேறியபின் ஒருநாள் அந்தச் சேச்சி உங்கள் ஊர் எது என்று கேட்பார். “கரூர்.”

“மதுரைக்கு அடுத்துதானே?”

ராஸ் அல் கைமாவுக்கும் துபாய்க்கும் இருப்பதைவிட இங்கே தூரம் அதிகம் என்று வாய்வரை வரும். “ஆமா சேச்சி, தொட்டடுத்து” என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் பத்தனம்திட்டா எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்ன?