உனக்குத்தான் இது, அப்ளை பண்ணு!

எந்தப் பல்கலைக்கழகமானாலும் ஆய்வு மாணவர் விடுதியில் இப்படியொரு அண்ணன் இருப்பார். பிஎச்.டி. எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "சினாப்சிஸ் குடுக்கப் போறேன்" என்பார். போன வருடமும் அதையேதான் சொன்னார். சாப்பாடு, தூக்கம், மூன்றாம் அத்தியாயம் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு அவர் செய்கிற ஊழியம் ஒன்றே ஒன்று: அறிவிப்பு அனுப்புவது.

விடியும் முன்பே வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்து விழும். கீழே, "தம்பி, உனக்குத்தான் இது. அப்ளை பண்ணு." திறந்து பார்த்தால் மண்புழு உரம் பற்றிய ப்ராஜெக்டுக்கு ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர், தேவை. நான் சங்க இலக்கியம்.

"அண்ணே, எம்.எஸ்சி. விலங்கியல் கேட்டிருக்காங்க."

"அதெல்லாம் சும்மா போடுறதுப்பா. நீ போட்டு வை."

"கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சிடுச்சுண்ணே."

"எக்ஸ்டெண்ட் பண்ணுவாங்க."

சில நேரம் நிஜமாகவே பண்ணிவிடுவார்கள். வயிற்றெரிச்சலே அங்கேதான். அன்று முழுக்க அண்ணன் தரையில் நடக்க மாட்டார்.

தொகை பெரிதாக இருந்தால் தகுதி அவர் கண்ணுக்குத் தெரியாது. பிரதமர் ஆய்வு உதவித்தொகையில் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 70,000 ரூபாய் என்று படித்த வேகத்தில் விடுதிக்கே அனுப்பினார். அது அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுக்கானது. வரலாற்றுத் துறைத் தம்பி பாவம், அரை நாள் சந்தோஷமாக இருந்தான்.

ஆனால் கணக்கைக் கேளுங்கள், ஒப்பிப்பார். நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. இரண்டு வருடம் கழித்து முதுநிலை ஆய்வாளர், அதாவது எஸ்.ஆர்.எஃப்., ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. தமிழக முதல்வரின் ஆய்வு உதவித்தொகை 25,000. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 8,000. அதை வைத்து மெஸ் பில் கட்டலாம், அவ்வளவுதான்.

ஜே.ஆர்.எஃப். பணம் மாதாமாதம் தானாக வந்துவிடாது. பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவர் கனரா வங்கி போர்ட்டலில் ஏற்ற வேண்டும், இன்னொருவர் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் லீவு போட்டால் நம் பாடு திண்டாட்டம். அப்போதெல்லாம் அண்ணன்தான் செக்‌ஷனில் போய் நிற்பார். "சார், பையன் ரூம் வாடகை கட்டணும் சார்." அவருக்கென்று வாங்க அங்கே எதுவுமில்லை. ஐந்து வருடம் முடிந்ததும் அவர் உதவித்தொகை நின்றுவிட்டது. ராத்திரியெல்லாம் தனக்காகத் தேடுகிறார். வயது வரம்பில் இடித்ததும் நமக்குத் தள்ளிவிடுகிறார். இது தெரிந்த பிறகு மண்புழு பிடிஎஃப்பை என்னால் அழிக்க முடியவில்லை.

அவரை எவ்வளவு திட்டுவது? அறிவிப்பை இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில், கோணலாக ஸ்கேன் செய்து, ஒரு வாரக் கெடுவில் போடுகிறவர்களை யார் கேட்பது? நேர்காணலுக்கு வரச் சொல்வார்கள். பயணப்படி கிடையாது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுவார்கள். போனால், அதே ஆய்வகத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கும் பையன்தான் நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறான். அவனும் ஒரு விண்ணப்பதாரர்.

ஐயா, ஆளை முடிவு செய்துவிட்டீர்களென்றால் எங்களைக் கூப்பிடாதீர்கள். ராத்திரி பஸ்சுக்கு டிக்கெட் எங்கள் காசு.