ஏற்காட்டுப் படங்களின் வெண்மை: பனியா, துருத்தியா?

சேலம் வட்டாரத்துப் பழைய ஆல்பங்களில் ஏற்காட்டுப் பக்கத்தைப் புரட்டினால் எங்காவது ஒரு வெள்ளைத் திட்டு கண்ணில் படும். கேட்டால் ‘மூடுபனி’ என்பார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆகவே யாரும் மறுத்ததில்லை. அவ்வெண்மையில் பெரும்பங்கு மலைக்கு உரியதன்று, மடக்கு கேமராவின் துருத்திக்கு உரியது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் கருவி. புத்தகம்போல் மடங்கிக் கோட்டுப் பையில் அடங்கும். பொத்தானை அமுக்கினால் முன்பலகை விழ, லென்ஸ் துருத்தியை இழுத்துக்கொண்டு வெளியே வரும். கோடாக் 1890களின் கடைசியில் இவ்வகையைப் பரப்பியது. ஜெர்மனியிலிருந்து ஜெய்ஸ் ஐகானின் ஐகான்டாவும் ஃபோய்க்ட்லாண்டரின் பெஸ்ஸாவும் 1929இல் வந்தன. 120 ரோலில், 6×9 சென்டிமீட்டர் அளவில், எட்டே படம். மலைப்பாதைக்கோ இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒன்று என்று தொடங்கியவர் ஏரியை வெறுங்கையோடுதான் பார்த்திருப்பார் என்பது கணக்கால் பெறப்படும்.

தூரத்தை அடிக்கணக்கில் உத்தேசமாக ஊகித்து லென்ஸ் வளையத்தைத் திருப்ப வேண்டும். ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தை எடுக்க முடிவிலிக்குத் திருப்புவார்கள். பனி இறங்கிவிட்டால் அந்த முடிவிலி பத்தடியில் முடிந்துவிடும். இதற்கு ஜெர்மானியர் வழி செய்யவில்லை.

இனித் துருத்தி. தோலாலோ துணியாலோ ஆன இது, விரித்து மடக்கும்போதெல்லாம் மடிப்பின் மூலைகளில் தேய்ந்து ஊசித்துளை விடும். துளைவழி வெயில் ஃபிலிமில் விழுந்தால் நெகட்டிவில் கறுப்பு, பிரிண்டில் வெள்ளை. அஃதேல், துளையின் வெண்மையையும் பனியின் வெண்மையையும் பிரித்தறிவது யாங்ஙனம் எனின், கூறுதும்: பனி நகரும், துளை நகராது. இன்னொரு காட்சிமுனையான பகோடா பாயிண்ட்டில் வலது மேல்மூலை வெளுத்து, லேடீஸ் சீட்டிலும் அதே மூலை வெளுத்து, சேலத்தில் சித்திரை வெயிலில் எடுத்த காதுகுத்துப் படத்திலும் அதே மூலை வெளுத்திருந்தால், பனி குடும்பத்தோடு பஸ் ஏறிக் கீழே வந்தது என்று கொள்ள நேரும். அது பொருந்தாது.

வெண்மை வட்டமாக இருந்தால் துருத்தி நிரபராதி. பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடிச் சன்னலே குற்றவாளி. ஃபிலிமின் பின்தாளில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துச் சுற்றுவதற்காக வைத்தது அது. அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு உறைக்காது. எல்லா நிறமும் உறைக்கும் ஃபிலிம் வந்தபின் அதை மூடி வைக்காதவர்கள் வட்டப் பனி கண்டார்கள்.

பெரியப்பாவின் வயிற்றுக்குள் ஏரிப் படகு மிதக்கும் படங்களைச் சிலர் இவ்வாய்வில் சேர்க்கச் சொல்வர். சேர்க்கலாகாது. பல மாடல்களில் ஷட்டருக்கும் ஃபிலிம் சுற்றும் திருகுக்கும் தொடர்பே கிடையாது. சுற்ற மறந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும். அது மறதியியலின் பாற்படும்.

உதகையில் 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிம்மீது பழி போடுவாரும் உளர். ஒரு மலையின் பனிக்கு இன்னொரு மலை பிணையாகாது என்று அவ்வழக்கைத் தள்ளுகிறோம். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III படங்களிலும் வெண்மை உண்டே என்பது அடுத்த தடை. அந்தப் பெட்டிக்குத் துருத்தியே கிடையாது. எனவே அதன் வெண்மை, சிவப்புச் சன்னல் மூடியிருந்தால், மெய்ப்பனியே என்று ஏற்கிறோம். ஆய்வாளர் ஒருதலைப்பட்சமானவர் என்ற பேச்சு வேண்டாம்.

பரணில் மடக்கு கேமரா வைத்திருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். அறையை இருட்டாக்கி, பின்மூடியைத் திறந்து, துருத்திக்குள் சிறு டார்ச்சை ஏற்றி வெளியிலிருந்து பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அங்கெல்லாம் கறுப்புச் சாயம் தடவுங்கள். ஆல்பத்தில் ‘மூடுபனி’ என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள்.