வியட்நாம் பார்த்த பெரியப்பா

முன்பெல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவில் தெருவுக்கு ஒரு சிங்கப்பூர்க்காரர் இருப்பார். கோடாலித் தைலம், டார்ச் லைட், லுங்கி என்று அவர் கொண்டுவந்தது நாலு பேருக்குப் பயன்பட்டது. இப்போது தெருவுக்கு ஒரு வியட்நாம்காரர் முளைத்திருக்கிறார். இவர் கொண்டுவருவது அபிப்பிராயம் மட்டும்தான். 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, நேரடி விமானம் விட்டார்கள். அதிலிருந்து இந்த இனம் பெருகிவிட்டது. அதற்குமுன் நமக்கு வியட்நாம் என்றால் 1970-ல் வந்த சிவாஜி படம். அதிலும் யாரும் வியட்நாம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே சண்டை, அவ்வளவுதான்.

ஆள் அடையாளம் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர். சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு. பாபநாசம் பக்கமோ ஒரத்தநாடு பக்கமோ நாலு மா நிலம். ஊருக்கெல்லாம் பெரியப்பா. நாலு ராத்திரி, அஞ்சு பகல் பேக்கேஜில் போய்வந்தவர்தான், ஆனால் "சைகோன்ல நாங்க இருந்தப்ப..." என்று தொடங்கினால், அங்கே இருபது வருஷம் தாசில்தாராக இருந்தவரோ என்று தோன்றும்.

"ஒரு இளநி இருபதாயிரம் தம்பி!" என்பார். கேட்டவன் வாயைப் பிளப்பான். அதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "அவங்க காசுல" என்பார். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறத்தாழ முந்நூறு டாங்.

ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி எடுக்கிற மனுஷர், விமானம் ஏறுவதற்கு முதல் நாளே சுத்த சைவமாகிவிட்டார். "எதுல எதைப் போடுவானோ, யாரு கண்டா?" பெட்டியில் பாதி புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய், முறுக்கு. மீதிக்கு டூர்க்காரர் அழைத்துப்போன இந்திய ஓட்டல். தஞ்சாவூரில் பன்னீர் பட்டர் மசாலாவைத் திரும்பியும் பார்க்காதவர், சைகோனில் ஐந்து நாளும் அதைத்தான் சாப்பிட்டார்.

ஆகவே வியட்நாம் சாப்பாட்டைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது.

"அவனுங்க எதையும் விடமாட்டானுங்க. பாம்பைச் சாராயத்துல ஊறப்போட்டு வச்சிருக்கான், போட்டோ பாரு. நாய் திம்பான். மீகாங் பக்கம் எலியே திங்கிறான்யா!"

வயலைப் பார்த்துக்கொள்கிற ஆள் கணக்குச் சொல்ல வந்து நின்றிருந்தார். குறுவைக்குத் தஞ்சாவூர் கிட்டி வைத்து, அதே நாலு மாவில் எலி பிடிக்கிறவர். பிடித்ததை வைக்கோல் தீயில் வாட்டி, மிளகாய் தடவினால் அதன் ருசியே தனி என்பது அவர் கட்சி. "ஏங்கய்யா, அதுவும் நெல்லு தின்ன எலிதானுங்களே?" என்றார்.

"அது வேற எலிடா" என்றார் பெரியப்பா.

அடுத்தது மீன் சாறு. "ஒரு தண்ணிய ஊத்துறான் பாரு, குடல் புரளுது." நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் அடுக்கி, ஒரு வருஷம் போல ஊறவைத்து வடிக்கிற சாறு அது. நாகப்பட்டினத்தில் நெத்திலியும் வேதாரண்யத்தில் உப்பும் பஞ்சமில்லை. நமக்குத்தான் பொறுமையில்லை, வெயிலில் காயவைத்துவிடுகிறோம். பெரியப்பா வீட்டில் ஐப்பசி மழையில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் தெருக்கோடி வரை தெரியும். ஆனால் அதற்குப் பெயர் வாசனை.

காபி உற்பத்தியில் உலகத்திலேயே இரண்டாவது அந்த நாடு. டம்ளர்மேல் ஒரு சின்ன ஃபில்டரை உட்காரவைத்து, டிகாக்ஷன் சொட்டச் சொட்டக் காத்திருந்து குடிக்கிறார்கள். கும்பகோணத்துப் பித்தளை ஃபில்டர்முன் ஆயுசில் பாதியைக் கழித்தவருக்கு அங்கே பொறுமை போய்விட்டது. "டின் பாலு! அதுவும் சொட்டு சொட்டா!"

சாப்பாடு முடிந்தால் சரித்திரம். "எல்லாம் நம்ம ராஜேந்திரன் புடிச்ச ஊரு." ராஜேந்திரன் 1025-ல் ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் கப்பல் விட்டது நிஜம். வியட்நாமைப் பிடிக்கவில்லை. அங்கே மீ சோன் என்ற இடத்தில் சாம் மன்னர்கள், நம் பெரிய கோயிலுக்கு ஆறு நூற்றாண்டு முன்பே, சிவனுக்குக் கோயில் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். இதைச் சொன்னால், "நீ எந்தக் கட்சி?" என்று கேட்பார்.

நிஜமாகவே அங்கே போய்ப் பிழைத்தவர்கள் வேறு. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுப் பிரஜைகளாகக் கப்பலேறி குமாஸ்தா, வரிவசூல், காவல் என்று உட்கார்ந்தவர்கள். ஜவுளிக்கடை வைத்த ராவுத்தர்கள், மரைக்காயர்கள். வட்டிக்கு விட்ட நகரத்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தபோது, மீகாங் வயல்கள் பல கடனுக்கு ஈடாக நகரத்தார் கைக்குப் போயின. அங்கேயும் ஏதாவது ஒரு திண்ணையில், "இந்தத் தமிழன் இருக்கானே..." என்று ஒரு வியட்நாம் பெரியப்பா தொடங்கியிருக்கமாட்டாரா என்ன!

நம்மவர் ஒரே ஒரு நற்சான்று கொடுத்தார். சைகோன் மாரியம்மன் கோயிலில் உள்ளூர்ப் பெண்கள் ஊதுபத்தியும் பூவுமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். "பக்தி இருக்கு. திருத்திடலாம்."

பெரியம்மாவும் கூடப் போயிருந்தார். அவர் எதுவும் பேசுவதில்லை. மீகாங் படகுத்துறையில் பெரியப்பா தேங்காய் மிட்டாய் கிண்டுவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்துக் கடையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார். திரும்பும்போது, புளிக்காய்ச்சல் காலியான இடத்தில் அரிசித் தாள் பொட்டலங்கள்.

போன சனிக்கிழமை அந்தத் தாளைத் தண்ணீரில் நனைத்து, இடியாப்பம், புதினா, வெள்ளரி, அவித்த இறால் வைத்துச் சுருட்டி, வேர்க்கடலைச் சட்னியோடு தட்டில் வைத்தார். பெரியப்பா மளமளவென்று நாலு உள்ளே தள்ளினார்.

"நல்லாருக்கே! எங்க கத்துக்கிட்ட?"

"மன்னார்குடில எங்கம்மா செய்வாங்க."

"அதானே பாத்தேன்!" என்று ஐந்தாவதை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பக்குவம் அவனுங்களுக்கு எங்க வரப்போவுது தம்பி?"