வயர் அவருடையது, பிளக் என்னுடையது

திருப்பரங்குன்றத்தில் ஒத்திக்கு வீடு பார்க்கிறவர்கள் முதலில் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பார்கள். அடுத்து, மொட்டை மாடியிலிருந்து மலை தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அடுப்படி சுவிட்ச் போர்டை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அட்வான்ஸ் கொடுக்கக் கை வராது.

எங்கள் மாடி வீட்டு அடுப்படியைக் கட்டிய காலத்தில், மின்சாரம் என்றால் ஒரு குண்டு பல்பு. அந்த ஒற்றைப் பல்புக்காகச் சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தகரக் கிளிப் போட்டு வயர் இழுத்திருந்தார்கள். ஒரு மரப்பெட்டி, அதை மூடப் பழுப்பேறிய ஹைலம் ஷீட், அதில் கறுப்பு சுவிட்சும் ஒரு பிளக்கும். பிளக்கில் மூன்று ஓட்டைகள். எர்த்துக்கான மேல் ஓட்டை வெறும் அழகுக்கு. அதன் பின்னால் கம்பியே கிடையாது.

பிறகு நாடு முன்னேறியது. ஃபிரிட்ஜ் வந்தது. 2011-ல் அரசாங்கமே விலையில்லாமல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. அப்புறம் கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு. சாமான்கள் வந்துகொண்டே இருந்தன. வயர் மட்டும் அதே வயர். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் ஒவ்வொரு சாமானுக்கும் பழைய பிளக்கிலிருந்தே ஒரு வாலை இழுத்துப் புதுப் பிளக் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதனால் எங்கள் அடுப்படியில் சில சட்டதிட்டங்கள் உண்டு. கிரைண்டர் ஓடினால் ஃபிரிட்ஜ் ஓடக்கூடாது. கெட்டில் கொதிக்கும்போது மிக்ஸி வாய் திறக்கக்கூடாது. அம்மா கிரைண்டரைத் தொடுமுன் மணையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். அடுப்படிக்குள் செருப்புப் போடக்கூடாது என்பது ஆசாரம். வெறுங்காலோடு கிரைண்டரைத் தொடக்கூடாது என்பது அனுபவம். இரண்டுக்கும் பங்கமில்லாமல் அவர் கண்டுபிடித்த வழி மணை. மாவை வழிக்கும்போது சுருக்கென்று அடித்தால், "இன்னைக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் அடிக்குது" என்று வானிலை அறிக்கை வாசிப்பார்.

பங்குனியில் முருகனுக்கும் தெய்வானைக்கும் கல்யாணம். மீனாட்சியும் சொக்கநாதரும் மதுரையிலிருந்து கிளம்பி மகன் கல்யாணத்துக்கு வருவார்கள். அவர்களைச் சேவிக்கிற சாக்கில் எங்கள் சொந்தபந்தம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வரும். வந்த இடத்தில் கேஸ் தீர்ந்துபோக, மதினி நல்லெண்ணத்தோடு இண்டக்ஷன் அடுப்பைச் சின்னப் பிளக்கில் செருகிச் சாம்பார் வைத்தார். பருப்பு வேகுமுன் பிளக் வெந்துவிட்டது.

வயர்மேனைத் தேடினால் ஆள் இல்லை. கல்யாணத்துக்குப் பேர்போன ஊர் இது. முகூர்த்த நாளில் வயர்மேன்கள் எல்லாரும் ஏதாவது ஒரு மண்டபத்து வாசலில் ஏணி மேல் நின்று சீரியல் செட் மாட்டிக்கொண்டிருப்பார்கள். முகூர்த்தம் முடிந்துதான் ஒருவர் வந்தார். ஹைலம் ஷீட்டைக் கழற்றினார். உள்ளே பல்லி முட்டை ஓடுகள், எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாமே சிவப்பில் நாலைந்து வயர்கள். ஒன்றைத் தொட்டதும் மேலுறை பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுல பேஸ் எது, நியூட்ரல் எதுண்ணே?"

"போட்ட ஆளக் கேட்டாத்தான் தெரியும் சார். அவரு இருக்காரோ என்னவோ."

அடுத்து மெயின் போர்டுக்குப் போய்ப் பீங்கான் கேரியரைப் பிடுங்கிக் காட்டினார். ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி. "ஃபியூஸ் அடிக்கடி போகுதேன்னு யாரோ புண்ணியவான் இதச் சுத்தியிருக்காரு. இனி ஃபியூஸ் போகாது. வீடுதான் போகும்."

கணக்கும் அவரே சொன்னார். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட். நம் 230 வோல்ட்டுக்கு அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பிளக் தாங்குவதோ 5. கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். போதாததற்கு இது அலுமினியக் கம்பி. திருகுக்கு அடியில் நாளாக நாளாக நசுங்கித் தளர்ந்துகொண்டே போகும். தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் இன்னும் தளர்ச்சி.

கீழ்வீட்டு ஓனரிடம் போனேன். "நாங்க இருந்தவரைக்கும் ஒண்ணும் ஆகலையே தம்பி. நீங்க என்னத்தப் போட்டீங்க?" என்றார். நான் சட்டத்தை எடுத்தேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பொறுப்புகளுக்கென்று 2017-ல் ஒரு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதன் இரண்டாம் அட்டவணைப்படி வயரிங் வேலை உரிமையாளர் பொறுப்பு. சுவிட்சும் பிளக்கும் ரிப்பேரானால் குடியிருப்பவர் பொறுப்பு. சட்டம் எழுதியவர்கள் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எங்கள் போர்டில்தான் வயரும் பிளக்கும் சேர்ந்து உருகி ஒரே கட்டியாகிக் கிடந்தன.

"பிளக்குதான மொதல்ல எரிஞ்சது? அப்ப உங்க பொறுப்பு" என்றார் ஓனர்.

"வயர் சூடானதாலதான ஐயா பிளக் எரிஞ்சது?"

தீர்ப்புக்கு வயர்மேனைப் பார்த்தோம். "ரெண்டுமே லூஸ் சார்" என்றார், எங்கள் இருவரையும் பார்த்து.

ஓனர் செய்து தராவிட்டால் நாமே செய்துகொண்டு வாடகையில் கழிக்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் நான் இருப்பது ஒத்திக்கு. மொத்தத் தொகையையும் முன்பே கொடுத்தாயிற்று. மாத வாடகை என்று ஒன்று இருந்தால்தானே கழிக்க?

கடைசியில் சாம்பார் வாசம் கீழே வராமல் கருகல் நாற்றம் வந்ததில் ஓனரம்மா பயந்து, "பிள்ளகுட்டி இருக்க வீடு, மாத்திக் குடுங்க" என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடித்தார். செம்பு வயர் ஓனர் செலவு. பவர் பிளக், சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் ஆர்சிசிபி என் செலவு. பச்சை வயரில் முதன்முறையாக எர்த்தும் வந்தது. அம்மா தரையில் நின்று மாவாட்டுகிறார்.

ஒத்திக் கெடு முடிகிற சமயம் ஓனர் மேலே வந்தார். அடுப்படியை ஆசையாகச் சுற்றிப் பார்த்தார்.

"புது வயரிங் போட்ட வீடு தம்பி. பவர் பிளக்கெல்லாம் இருக்கு. அடுத்த ஒத்திக்கு ஒரு லட்சம் கூட்டிக் குடுங்க."

"ஐயா, அந்தப் பிளக்கெல்லாம் நான் வாங்கிப் போட்டது."

"அப்படியா? சரி, காலி பண்ணிப் போறப்ப கழட்டிட்டுப் போங்க."