மூன்று சுபநேரமும் ஒரு போத்தல் மருத்துநீரும்

காலை பத்து மணிக்குக் கொடியில் போட்ட உடுப்பு பன்னிரண்டுக்குக் காய்ந்து, எடுக்கப் பஞ்சிப்பட்டு விட்டுவைத்தால் இரண்டரைக்கு மறுபடி தோய்ந்து தொங்கும். அப்படித் தொங்கினால் கண்டியில் வசந்த காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தாம் வகுப்பில் 'வசந்த காலம்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது இது எனக்குத் தெரியவில்லை. "பனி உருகி ஓடையாய் ஓடியது" என்று எழுதிக்கொடுத்தேன். கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரத்தில், ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைக் கண்டிராத ஊர் இது. அதற்குப் பத்துக்கு ஏழு புள்ளி போட்டார்கள். மீதி மூன்று எழுத்துப்பிழைக்குப் போனது.

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று தமிழ்ப் புத்தகம் சொல்கிறது. எங்கள் மலைக்கு அது சரியாகப் பொருந்தாது. வடகீழ்ப் பருவமழை முடிந்து தென்மேல் காற்று தொடங்குவதற்கு இடையில் ஒரு சந்து இருக்கிறது; அதுதான் எங்கள் சித்திரை. காலை முழுக்க வெயில் மலையைச் சூடாக்கும், அந்தச் சூடு மேலே ஏறிப் பின்னேரம் இடியாகத் திரும்பி வரும். "காலையில சிரிக்கிற வானத்த நம்பாத பாப்பா" என்பாள் அம்மாயி. அம்மாவுக்கு இவ்வளவு நீளமாகச் சொல்ல நேரமிருக்காது. "உடுப்பு!" என்று ஒரே சத்தம். அதற்கு நாலு பேர் ஓட வேண்டும். அம்மாயி ஓடமாட்டாள், எந்தச் சறம் விழுந்தது, யார் மிதித்தது என்று வாசலில் இருந்து கணக்கெடுப்பாள்.

எங்கள் வீடு கட்டுக்கலைப் பக்கம் ஒரு சரிவில் இருக்கிறது. அம்மா கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாய்தான் அம்மாயி, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வேலைக்கு வந்து இங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டவர். அதனால் அப்பாவுக்கு மூன்று வாய். அப்பம்மாவோடு போனில் "ஓமம்மா, சாப்பிட்டாச்சு" என்பார். எங்களிடம் திரும்பி "என்னாடி பாக்குற?" என்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சிங்களத்தில் ஆன்டியிடம் தண்ணீர் வருகிறதா என்று கேட்பார். மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும். நான் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிறேன். காத்திருப்பது சும்மா இருப்பதாகத்தான் வீட்டில் பதியப்பட்டிருக்கிறது. ஆகவே எந்த வேலை வந்தாலும் என் பெயர்தான்.

சித்திரை வருவதைக் குயில்தான் அறிவிக்கும். சிங்களத்தில் 'கொஹா'. அது கூவினால் புதுவருடம் வருகிறது என்று நாடே மகிழும். எங்கள் வீட்டில் மட்டும் மகிழ்ச்சி குறைவு, ஏனென்றால் அது தொடங்குவது விடிகாலை நாலரைக்கு. போன சித்திரையில் தம்பி ஒருநாள் அதற்குப் பதில் கூவிப் பார்த்தான். குயிலுக்கு எதிரி கிடைத்த சந்தோஷம். ஒரு படி உயர்த்திக் கூவியது, அவனும் உயர்த்தினான். ஐந்தரை மணிக்கு ஆன்டி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இன்றைக்கு ரெண்டு கொஹா" என்றார். காக்காக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பிள்ளை வளர்க்கும் பொறுப்பே இல்லாமல் திரியும் பறவைக்கு விடிகாலையில் பாட நேரம் இருக்கும்தான். பாடசாலைக்குப் போகிறவனுக்கு என்ன கேடு?

இனி நேரத்துக்கு வருவோம். கண்டியில் ஒரு கலப்புத் தமிழ்க் குடும்பத்துக்குப் புதுவருடம் ஒரு தடவை பிறப்பதில்லை.

அப்பம்மா கொக்குவிலில் அச்சாகும் வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆள். வேறு எந்தப் பஞ்சாங்கமும் அவருக்குக் கலண்டர்தான். அப்பா கணக்குப் பிரிவில் வேலை செய்பவர், ஆகவே திருக்கணிதம். "பெயரிலேயே கணிதம் இருக்குது" என்பது அவருடைய வாதம். இரண்டும் சொல்லும் நேரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். அந்த இடைவெளியில் எங்கள் வீட்டில் எந்த வருடம் நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. போன சித்திரையில் நான் ஒரு கிளாஸ் உடைத்தது அப்போதுதான். பழைய வருடக் கணக்கில் போடுவதா, புது வருடத்தின் முதல் சகுனமா என்று இன்னும் முடிவாகவில்லை.

மூன்றாவது, மதிலுக்கு அந்தப் பக்கத்து நேரம். சிங்களப் புதுவருடத்தின் சுபநேரங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்: அடுப்பு மூட்ட ஒரு நேரம், முதல் வாய் சாப்பிட ஒரு நேரம், தலைக்கு எண்ணெய் வைக்க ஒரு நேரம், வேலைக்குக் கிளம்ப ஒரு நேரம். நேரம் வந்ததும் மலைக்கு மலை வெடி கேட்கும். ஆக, ஆன்டி வீட்டுக்கு மணிக்கூடு தேவையில்லை, காது போதும். இவற்றுக்கு நடுவில் 'நொனகதே' என்று ஒரு காலம் உண்டு. சூரியனுடைய வட்டம் மீனத்தை விட்டு மேடத்துக்குள் முழுவதுமாக நுழைந்து முடிக்க எடுக்கும் நேரம்: 12 மணித்தியாலம் 48 நிமிடம். அதற்குள் அடுப்பில்லை, வேலையில்லை. சாமி கும்பிடலாம், சும்மா இருக்கலாம்.

இதை நான் அம்மாயிக்கு விளக்கியபோது அவள் வெற்றிலையை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பன்னண்டு மணித்தியாலமும் நாப்பத்தெட்டு நிமிசமும் வேல செய்யக்கூடாதுன்னு கவர்மெண்டே சொல்லுதா?"

"ஆமா அம்மாயி."

"அடப்பாவி கங்காணி. ஒரு வார்த்த சொல்லலியே."

என் கதை வேறு. உயர்தரம் படித்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதியை நான் நொனகதேயில்தான் கழித்திருக்கிறேன். காரணம் இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது மருத்துநீர். புதுவருடத்தன்று தலையில் ஓர் இலையும் காலடியில் ஓர் இலையும் வைத்து, பெரியவர்கள் கையால் மருத்துநீர் தேய்த்துத் தோய வேண்டும். என்ன இலை என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும். ஆன்டி வீட்டிலும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது இதே மாதிரி மேலும் கீழும் இலைதான். அவர்களுக்கு எண்ணெய், எங்களுக்கு நீர். இலை பிடுங்கப் போகிறவள் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒருத்தி. யார் என்று சொல்லத் தேவையில்லை.

"பிள்ளையார் கோயில்ல மருத்துநீர் குடுக்கிறாங்க, ஒரு சுத்தமான போத்தல் எடுத்துக்கிட்டுப் போ" என்றார் அம்மா. வீட்டில் சுத்தமாக இருந்தது ஒரு வெறும் அரிஷ்டப் போத்தல்தான். லேபிள் கிழிக்கப்படவில்லை. கழுவி, நிரப்பி, கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தேன். இந்த இடத்தில் நான் செய்தது பிழை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

முந்தின நாள் பின்னேரம் கொடிக்கு ஓடியதில் அப்பாவுக்குத் தடிமன் பிடித்திருந்தது. இரவு பத்து மணிக்குக் குசினிக்கு வந்தார். அரிஷ்டப் போத்தலைக் கண்டார். இரண்டு மூடி அளந்து குடித்தார். சத்தமே இல்லை. காலையிலும் இரண்டு மூடி. "இந்தமுறை அரிஷ்டம் நல்ல அரிஷ்டம்" என்று அம்மாவிடம் சொல்லவும் செய்தார். "மஞ்சள் வாசம். தொண்டைக்குள்ள இதமா இறங்குது."

அம்மா எந்த அரிஷ்டம் என்று கேட்டார். அப்பா போத்தலைக் காட்டினார். நான் பின்கதவால் இலை பிடுங்கப் புறப்பட்டேன். தம்பி வழியை மறித்தான்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் பத்திரிகையின் புதுவருடப் பக்கத்தை விரித்து மருத்துநீரில் சேரும் பொருட்களை உரக்க வாசித்தார். தாழம்பூ. அப்பா தலையாட்டினார். தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு. நல்லது. மிளகு, சுக்கு, திப்பிலி. "பாத்தியா, தடிமனுக்குத்தான்" என்றார் அப்பா. பால், மஞ்சள். அடுத்த சொல்லுக்கு முன் அம்மா சற்று நிறுத்தினார். அம்மாவுக்கு நாடகம் தெரியும்.

"கோசலம்."

பசுவின் சிறுநீரைத் தமிழ் இவ்வளவு மரியாதையாகச் சொல்லும் என்று அன்றுதான் தம்பி தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு பட்டியலில் கோமயமும் இருந்தது. சாணியின் கோயில் பெயர் அது. வாசிக்க வேண்டாம் என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

நேரம் கேட்க அப்பம்மா போன் எடுத்தபோது தம்பி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டான். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "தலையில வைக்கிறதைக் குடிச்சவனோ? பரவாயில்லை, ஒண்டும் செய்யாது. உள்ளாலயும் தோய்ஞ்சிட்டான் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். கடைசியில் ஒரு கேள்வி: "எந்த நேரத்துக்குக் குடிச்சவன்? வாக்கியப்படியோ?"

தடிமன் இரண்டு நாளில் போய்விட்டது. இதை ஒரு வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று கைவிசேடம் கிடைத்தது, பொங்கல் பொங்கியது, கிளாஸ் உடைந்தது. அதையெல்லாம் விரிக்கவில்லை. தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலப்பூ ஓரம் போட்ட ஒரு பீங்கான் தட்டு. வெடிச்சத்தம் ஓய்ந்ததும் மதிலுக்கு மேலால் ஆன்டியின் கையில் அது வந்தது: பால்சோறு, கெவும், கொக்கிஸ், புளிவாழைப்பழம். தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முறுக்கும் பயற்றம் உருண்டையும் வைத்து அம்மா அனுப்பினார். வெறுமனே திருப்பக்கூடாது என்பது ஆன்டி வீட்டுச் சட்டமும்தான். இப்படி நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தத் தட்டு மதில் தாண்டிக்கொண்டிருக்கிறது. யாருடைய தட்டு என்று அம்மாவிடம் கேட்டால் ஆன்டியுடையது என்கிறார். ஆன்டியிடம் கேட்டால் அம்மாவுடையது என்கிறார்.

புதுவருட லீவில் பேராதனைப் பூங்காவுக்குப் போனோம். அம்மாயி, ஆன்டி, தம்பி, நான். மகாவலி வளைத்து ஓடும் மடியில் 147 ஏக்கர். 1821 இல் வெள்ளைக்காரர் தொடங்கிய தோட்டம். மரம் பார்க்க வந்த மற்றவர்கள் பூவைப் பார்த்தார்கள். அம்மாயி உயரத்தைப் பார்த்தாள். "ஏன் பாப்பா, இத ஒருத்தனும் கவ்வாத்து வெட்டலியா?" பனைச்சாலையிலும் அதே கேள்வி, மூங்கில் புதரிலும் அதே கேள்வி. இடுப்பு உயரத்துக்கு மேல் வளர்ந்த எதுவும் அவளுக்குக் கவனிப்பாரற்ற செடிதான். புல்தரையைக் கண்டதும், இதற்கு நாளைக்கு எத்தனை பேர் போடுவார்கள் என்று மனக்கணக்கில் இறங்கிவிட்டாள். பழவௌவால்கள் தலைகீழாகத் தொங்கிய மரத்தடியில் நின்று தம்பி கொஹா மாதிரிக் கூவினான், ஒன்றும் மதிக்கவில்லை.

பிறகு அந்த மரம் வந்தது. 1901 இல் இங்கே வந்த இளவரசரும் மனைவியும், பின்னால் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியும் ஆனவர்கள், நட்டது. தண்டிலேயே கொத்துக் கொத்தாகப் பூவும், பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டைக் காயும். ஆங்கிலத்தில் பெயரே பீரங்கிக்குண்டு மரம்தான். அம்மாயி செருப்பைக் கழற்றிவிட்டாள். "நாகலிங்கம்!" உள்ளே லிங்கம், மேலே படமெடுத்த பாம்பு. ஆன்டியும் கும்பிட்டார். "சல் மல்." அவருக்கு உள்ளே தெரிந்தது தாதுகோபம், சுற்றிவர வணங்கும் கூட்டம். இருவரும் ஒரே பூவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் காட்டி, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் "ஆமா, ஆமா", "ஒவ், ஒவ்" என்று ஒத்துக்கொண்டார்கள். ஆன்டிக்குத் தமிழ் அரைகுறை, அம்மாயிக்குச் சிங்களம் சந்தை அளவு.

உயிரியல் படித்தவள் சும்மா இருக்கலாமா? இது தென்னமெரிக்க மரம், புத்தர் பிறந்த கதையில் வரும் சால மரம் வட இந்தியாவில் உள்ள வேறொரு மரம் என்று தொடங்கினேன். அம்மாயி என் முழங்கைக்கு மேல் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"பெறுபேறு வரட்டும். அப்புறம் சொல்லு."

பெயர்ப்பலகையை வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "நட்டவரு பேரு இருக்கு. நூறு வருசமா தண்ணி ஊத்தினவன் பேரு எங்க?" என்றாள். நானும் தேடினேன், இல்லை.

இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது. அம்மாவுக்குப் போன் எடுத்து "உடுப்பு!" என்றேன். பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வருவதற்குள் நாங்கள் நனைந்திருந்தோம், உடுப்பு காய்ந்திருந்தது. அப்பாவுக்குத்தான் மறுபடி தடிமன். அரிஷ்டம் வாங்கியாயிற்று, மூடியைத் திறந்து முதலில் எனக்கு முகரக் கொடுக்கிறார்.

இதை எழுதும்போது நீலப்பூத் தட்டு எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. முறுக்கு முடிந்துவிட்டது. நாளைக் காலைக்குள் எதையாவது சுட்டாக வேண்டும், காத்திருக்கிறவள் என்பதால் அதுவும் என் வேலைதான்.